மேஸா, மேன்டிலா?

1959-இன் கடைசி நாள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடையில் அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பத்து வருடத்தில் மிகச் சிறந்த பேஸ்பால் ஆட்டக்காரர் யார்?

“மேன்டில் ரெண்டு பக்கமும் நின்னு அடிப்பான்ணே!” என்றான் தம்பி சில்வியோ.

“பந்துக்கு முதுகைக் காட்டி ஓடியே பிடிப்பான்டா மேஸ். உன் ஆளு முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காருவான்!” என்றான் அண்ணன் காஸ்பரே.

கடையே சிரித்தது. கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மேஸ் ஜெயித்தார். சில்வியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

மாலையில் போலீஸ்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“லாரி ஏறிடுச்சும்மா. முகம் அடையாளம் தெரியல. இந்தத் தெருப் பையன்னு சொல்றாங்க. தலையில மேஸ் டீம் தொப்பி.”

அம்மா பிலோமினாவுக்குப் போன உயிர் திரும்பியது.

“அப்பாடா, என் சில்வியோ இல்ல! அவனுக்கு மேன்டில்தான் சாமி. செத்தாலும் அந்தத் தொப்பியத் தொடமாட்டான். பாவம், எவ பெத்த பிள்ளையோ!”

சிலுவை போட்டுக்கொண்டாள்.

அம்மாவின் பின்னால் நின்ற காஸ்பரே தன் வெறுந்தலையைத் தொட்டுப் பார்த்தான். தோற்றவன் ராத்திரிவரை ஜெயித்தவனின் தொப்பியோடு திரிய வேண்டும் என்று பந்தயம் வைத்தவன் அவன்தான். தன் தலையிலிருந்து எடுத்துத் தம்பியின் தலையில் அழுத்தி மாட்டியவனும் அவன்தான்.

சில்வியோ கொடுத்த வாக்கை மீறவில்லை. கடைசிவரை அதைக் கழற்றவே இல்லை.