இடுக்கியில் வஞ்சரம்

செத்த எலியைத் தூக்கி வருவதுபோல, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையிலிருந்த இடுக்கியை எட்டப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தார் தாமோதரன். இடுக்கியில் எலி இல்லை. நேற்றைய சாயங்காலப் பேப்பர்.

"பாத்தீங்களா தம்பி? எவனோ நம்ம வாசல்ல கடாசிட்டுப் போயிருக்கான். தொட்டா கை அழுகிடும்!"

எதிர் சோபாவில் இருந்த பிரவின்குமார் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். நாவலூரில் வேலை பார்க்கும் சுஷ்மிதாவைப் பெண் கேட்டு, கல்பாக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்கு அவன் வந்திருந்தான். பெண்ணுக்குச் சம்மதம், பெண்ணின் அம்மா, தாமோதரனின் மனைவி சியாமளாதான் தலையாட்ட வேண்டும். அந்த அம்மாள் முறைத்தால் கரைக்கு வந்த அலைகூட மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போகும் என்று பேச்சு.

"பெரிய பேப்பர்ல கடலரிப்பு பத்தி எழுதினது நீங்கதானே? கௌரவமான எழுத்து" என்றாள் சியாமளா. "இந்தக் குப்பைல 'வஞ்சரம்'னு ஒருத்தன் எழுதறானே, அவனும் ஒரு மனுசனா?"

அவனும் இவன்தான். எந்தப் பேப்பரிலும் பிரவின்குமாருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சொந்தப் பெயரில் எழுதும் கடலரிப்பு பெரிய பேப்பரில் என்றைக்காவது வரும். அதுவரை அடுப்பு எரிவது வஞ்சரத்தின் புண்ணியத்தில். எவனெவனோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் அக்கப்போருக்கு மசாலா தடவி வறுத்துக் கொடுப்பான். வறுத்த கையை முகர்ந்தால் அவனுக்கே குமட்டும்.

"கேளுங்க தம்பி" என்று இடுக்கியை ஆட்டினார் தாமோதரன். "கோவளத்துல எவனோ எவ வூட்லயோ இருந்தானாம். புருசங்காரன் வந்துட்டானாம். இவன் அவ நைட்டிய மாட்டிகினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுனானாம்! கருமம், கருமம்! இதெல்லாம் ஒரு பொழப்பா?"

"ச்சீ!" சியாமளா காதைப் பொத்தினாள். "இந்த வஞ்சரத்த உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தப் பேப்பர நான் கையால தொடறதே இல்லீங்க."

சொன்ன வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவவேண்டும் போலிருந்தது அவனுக்கு.

சியாமளாவின் முகம் மலர்ந்தது. "எங்க வூட்டுக்காரரும் அப்டித்தான். இந்த மாதிரி ஆம்பளைங்களுக்குத்தான் இந்த வூட்ல எடம். இருங்க மாப்ள, கேசரி எடுத்தாறேன்."

அவள் உள்ளே போனதும் தாமோதரன் இடுக்கியைக் கீழே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனில் எதையோ தட்டினார்.

பிரவின்குமாரின் சட்டைப்பைக்குள் உறுமல் கேட்டது. வஞ்சரத்துக்கென்றே வைத்திருந்த இன்னொரு போன். எடுத்துப் பார்த்தான். 'முக்கியமான நைட்டியையே வெட்டிட்டீங்களே சார்?'

அவன் இடுக்கிப் பேப்பரைக் குனிந்து பார்த்தான். நைட்டி வரியை எடிட்டர் இடமில்லையென்று அச்சுக்குப் போகும் முன்பே வெட்டியிருந்தார். பேப்பரில் நைட்டியே இல்லை! தாமோதரன் சொன்ன கதையில் மட்டும் அது எப்படி வந்தது?

செய்தி வந்த நம்பரை அழுத்தினான்.

தாமோதரனின் உள்ளங்கையில் பக்திப் பாட்டு அலறியது. அவர் தன் போனைப் பார்த்தார், அவன் காதிலிருந்த போனைப் பார்த்தார், சமையலறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மாப்ள!"