பின்வாசலில் ஒரு பீப்பாய்

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஹதானோ வந்து நின்றபோது, மிசாவோவின் வடிசாலையில் ஆரஞ்சுப் பூக்கள் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தன.

அந்தத் தீவில் ஆரஞ்சு பூப்பது மே மாதத்தில் ஒரு வாரம்தான். காலையில் பறித்த பூவைச் சாயங்காலத்துக்குள் சாராயத்தில் போட்டுக் காய்ச்சி, ஜின் என்ற மதுவாக வடிக்க வேண்டும். தவறினால் வாசனை போய்விடும். வாசனை போனால் மிசாவோவின் ஜின்னை யாரும் சீண்டக்கூட மாட்டார்கள்.

யாரோ போன் செய்து புகார் சொல்லியிருப்பதாக ஹதானோ சொன்னார். யார் என்று தான் சொல்ல முடியாது என்றார். வடிகலனையோ அடுப்பையோ பார்க்காமல் நேராகப் பின்வாசலுக்குப் போனார்.

அங்கே கதவை அடைத்துக்கொண்டு ஒரு பீப்பாய் நின்றது. உள்ளே வீரியமான சாராயம். பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும்.

“போன வாரம்தான் சார் வந்துச்சு. அந்தப் பக்கம்தான் கொஞ்சம் குளிர்ச்சி” என்றாள் மிசாவோ.

“நீங்க அனுமதி வாங்கின அளவுக்கு மேல இது ஒண்ணு. அதையும் வாசல்லயே வெச்சிருக்கீங்க. முன்பக்கம் தீப்பிடிச்சா எந்த வழியா வெளியே வருவீங்கம்மா?”



மதியம் திரும்ப வருவதாகவும், அதுவரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு ஹதானோ கிளம்பினார்.

“இது பக்கத்து வீட்டுக் கிகுமா வேலைதாங்க” என்றாள் மிசாவோ. மூலையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த கணவர் ஷுன்பெய் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. பின்வாசலைப் பார்த்திருப்பது கிகுமாவின் ஜன்னல் மட்டும்தான். படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். குப்பையைப் பிரிக்காமல் போட்டால், அந்தப் பையை நம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் மனிதர்.

“குப்பைப் பையைத் திருப்பி வெச்சாரு, பொறுத்துக்கிட்டேன். இப்ப வயித்துலயே அடிச்சுட்டாரு.”

புலம்பிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. சாராயத்தில் தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைத்துவிட்டால், அது ஆபத்தான பொருள் என்ற கணக்கிலேயே வராது. காய்ச்சும் முன் எப்படியும் கலக்க வேண்டிய தண்ணீர்தான். ஆனால் ஒரு பீப்பாய் முழுவதையும் தொட்டிகளுக்கு மாற்றி, அளந்து கலக்க இரண்டு பேர் போதாது.

ஷுன்பெய் வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் பின்னால் கிகுமா, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் வாளியுடன்.

“தீ வெச்சவரே தண்ணி தூக்க வந்துட்டாரா?” என்றாள் மிசாவோ, காதில் விழும்படியாகவே.

கிகுமா அவளைப் பார்க்கவில்லை. “எதுல ஊத்தணும்?” என்று ஷுன்பெய்யிடம் கேட்டார்.

மிசாவோ வேலையில் இறங்கினாள். கோபத்தில் அவள் கைக்குத் தனி வேகம் வந்தது. தொட்டியைக் கழுவினாள், குழாயை மாட்டினாள், வீரியத்தை அளந்தாள், ஆண்கள் இருவரையும் விரட்டினாள். ஹதானோ வந்தபோது காலிப் பீப்பாய் தெருவில் கிடந்தது. அவர் பின்கதவைத் திறந்து வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, தலையசைத்தார்.

அடுப்பு பற்றியது. இருட்டுவதற்குள் சந்து முழுக்கப் பூ வாசனை.

ஜின் பிழைத்துவிட்டது. மிசாவோவின் கோபம் மட்டும் ஆறவில்லை. அந்த வாரம் தெரு அறிவிப்புத் தாள் செருகிய பலகை வீடு வீடாகச் சுற்றி அவள் கைக்கு வந்தது. படித்துவிட்டு அடுத்த வீடான கிகுமாவிடம் கொடுக்க வேண்டும். அவள் அவர் வீட்டைத் தாண்டிப்போய் அதற்கடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாள்.

அதனால் சாக்கடை சுத்தம் செய்யும் நாள் கிகுமாவுக்குத் தெரியாமல் போனது. தெருவே மண்வெட்டியோடு நின்றபோது அவர் மட்டும் இல்லை. ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்கிறவருக்கு உடம்பு வளைய வலிக்கிறதா என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். கிகுமா மறுநாள் தனியாக வந்து, தன் பங்கு சாக்கடையைத் தூர்வாரிவிட்டுப் போனார். பலகை தன் வீட்டுக்கு வரவே இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மிசாவோவுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த வருடத்தின் முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பலகையைத் தான்தான் தாண்டிக் கொடுத்ததாகச் சொன்னாள். குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு, இவ்வளவு நாள் சொல்ல மனம் வராததையும் சொன்னாள்.

“நீங்க போன் பண்ணது சரிதான் ஐயா. அந்தக் கதவு அடைச்சிருந்தப்போ எதாவது ஆகியிருந்தா, நான் உள்ளேயே செத்திருப்பேன். உங்களாலதான் தப்பிச்சேன்.”

கிகுமா பாட்டிலை வாங்கவில்லை. பிடரியைச் சொறிந்துகொண்டார்.

“திட்டு வாங்கிக்கிறதா மட்டும்தாம்மா பேச்சு. பரிசெல்லாம் வாங்கிக்கிறதா பேசல. போன் என் வீட்டுதுதான். பேசினது உன் வீட்டுக்காரர்.”

மிசாவோ தன் வடிசாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தக் கதவை நினைச்சு அவருக்குத் தூக்கமே வரலியாம். எத்தனை தடவை சொன்னாலும் நீ சிரிச்சுட்டுப் போயிடுறியாம். சரி, நீங்களே பண்ணதா அவகிட்டச் சொல்லிடுங்களேன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். அதுக்கு அவர், ‘என் மேல கோபம் வந்தா அவ அழுதுட்டு உட்கார்ந்துடுவா, பூ வாடிப்போயிடும்; உங்க மேல கோபம் வந்தா மூணு ஆள் வேலை பார்ப்பா’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரும்மா.”