சைபருக்குப் பதில் ஒன்பது

"பெத்த அப்பனையே காட்டிக் கொடுத்துட்டியேளா! உனக்கெல்லாம் சோறு போட்டு வளர்த்தேன் பாரு!"

மரியான் சாப்பிடாமல் தட்டைத் தள்ளினார். ஹில்டாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி. அவருக்கு கிரேன் ஓட்டும் வேலை. அவளுக்கு, எழுபத்தெட்டாம் வருஷம் புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டரில் வேலை.

அங்கே எல்லாப் புரோகிராமுக்கும் பொதுவாக ஒரு பஞ்ச் கார்டு கட்டு, துளை போட்ட அட்டைகள், இருந்தது. தொழிலாளியின் டோக்கன் நம்பரைக் கொடுத்தால் கண் டெஸ்ட் முடிவைச் சொல்லும். கோளாறு இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் சைபர். டெஸ்ட்டுக்கே போகாத ஆளுக்கு? அதற்கும் சைபர்தான்!

அடக் கொடுமையே, யாரும் இதைக் கவனிக்கவில்லை. ஹில்டாதான் கண்டுபிடித்து, போகாத ஆளுக்கு ஒன்பது வரும்படி திருத்தினாள்.

பழைய பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு பெயருக்குத்தான் ஒன்பது வந்து விழுந்தது. அது அப்பா. அதை மேலிடத்தில் சொல்லியும் விட்டாள்.

"நாலு வருஷமா டெஸ்ட்டுக்கே போகலியாப்பா? கண்ணு தெரியாம கிரேன் ஓட்டி, கீழ நிக்கிறவங்க தலையில மூட்டைய இறக்கிட்டா?"

"எங்கண்ணுக்கு என்னளா கேடு?"

"அப்ப நாளைக்கு இந்த வருஷ டெஸ்ட்ல வந்து காட்டுங்க. இல்லன்னா கிரேன்ல ஏற விடமாட்டாங்க."

மறுநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். டாக்டர் அட்டையை மாற்றி மாற்றி வைத்தார். மனுஷன் கடைசிப் பொடி எழுத்து வரை மடமடவென்று வாசித்தார்.

கோளாறு இல்லை!

ஹில்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இவ்வளவு நல்ல கண்ண வச்சுக்கிட்டு எதுக்குப்பா ஒளிஞ்சு திரிஞ்சீய?"

டெஸ்ட் வரிசையின் கடைசியில் தோட்டக்காரர் அற்புதமணி சுவரைத் தடவித் தடவி நகர்ந்துகொண்டிருந்தார். மரியான் அவரையே பார்த்தார்.

"மூணு பொம்பளப்புள்ளைய வச்சிருக்கான். இன்னைக்கு அவன் வேல போயிரும்ளா. செடிக்குத் தண்ணி ஊத்தவும் நல்ல கண்ணுதான் வேணுமாம், கம்பெனி ரூலு."

"அவருக்கு என்னப்பா? நாலு வருஷமும் டெஸ்ட்டுக்கு வந்திருக்காரே! சைபர்தானே வந்திருக்கு?"

"அந்தச் சைபர் எங்கண்ணுளா. அவன் பேருல நாந்தான் போனேன். ஒரே நாள்ல, ஒரே டாக்டர் முன்னால, ரெண்டு பேருல எப்படிப் போய் நிக்க?"