பாரிஸ் வைத்தியம்

"இனிமே சர்க்கரை மாத்திரை வேணாம்மா. கொய்யா இலைத் தண்ணியே போதுமாம். பாரிஸ்லேருந்து தம்பி வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கான்" என்றார் லூர்துநாதன்.

மருமகள் ஆஷ்லினுக்குப் பகீரென்றது. போன மாதம்தான் சர்க்கரை ஏறி, மயங்கி விழுந்து பிழைத்தவர்.

"எழுதினது யாரு மாமா?"

"பேரு போடல."

"எப்ப எழுதினது?"

"தெரியல."

"வேற டாக்டருங்க யாராவது ஒத்துக்கறாங்களா?"

"பிரான்ஸ்லேருந்து வந்தது பொய்யா இருக்குமா? வக்கீலாட்டம் கேக்கறியே, எவன் கத்துக்குடுத்தான்?"

"எங்க காலேஜ் லைப்ரரியன். எதையும் நம்பறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்கன்னு கிளாஸ் எடுத்தாரு. அவர் புண்ணியத்துல நான் இதுவரைக்கும் ஏமாந்ததில்ல."

லூர்துநாதன் அசடு வழியச் சிரித்தார். ஓய்வு பெறும்வரை அந்தக் கல்லூரியின் நூலகர் அவரேதான்.

"மாத்திரைய எடும்மா" என்று கையை நீட்டினார். "ரொம்ப நன்றி. உன் லைப்ரரியன் பொழச்சிக்கிட்டாரு."