காயாத மை

சித்திரக்கதை ஓவியரின் மேசைமேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. அவர் கையால் வரைந்த மூலப் பக்கங்கள், பிழை மறைத்த வெள்ளைப் பூச்சுத் திட்டுகளும் பென்சில் கோடுகளுமாக அதில் பரந்திருக்கின்றன. 'அரிய ஓவியச் சேகரிப்பாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருப்பவர், அவரிடம் வாங்கும் பன்னிரண்டாவது பக்கத்தை வெள்ளைக் கையுறையோடு, பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி நிற்கிறார். அவருக்குச் சும்மா துணைக்கு வந்த சகலை, வெறுங்கையால் ஒரு பக்கத்தைத் தூக்குகிறார். கதைநாயகனான துப்பறிபவன் வழுக்கி விழும் பக்கம். "சார், சின்ன வயசுல இதைப் பார்த்துச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு!" ஓவியருக்கு முகமெல்லாம் பல். "அப்படியா தம்பி? இது உங்களுக்கே, வச்சுக்குங்க. உங்க பேரச் சொல்லுங்க." பக்கத்தின் அடியில் அன்போடு பெயரை எழுதி, அருகே குட்டித் துப்பறிபவனையும் வரைகிறார். பேனா கரகரக்கிறது. "பேர் எழுதினா மதிப்பு இறங்கிடும், சகலை." சேகரிப்பாளர் சகலையின் காதோரம் குனிகிறார். "இறங்கட்டுமே, நான் விக்கவா போறேன்?" ஓவியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சேகரிப்பாளர் பக்கம் திரும்புகிறார். "சார் யாரு? இப்பத்தான் முதல் தடவையா வர்றீங்களா?" கையுறைக்குள் விரல்கள் வியர்க்கின்றன. சகலையின் பெயர் ஈர மையில் மின்னுகிறது. அது காய்வதற்குள், அதைக் கலைத்துவிட ஒரே ஒரு தும்மல் வராதா என்று சேகரிப்பாளரின் மூக்கு ஏங்குகிறது.