குழாயடியில் கிடந்த கல்

கல் குப்புறக் கிடந்தது.

கோயிலுக்குப் பின்னால், குழாயடியில். அதன்மேல் உட்கார்ந்து அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பிரதிஷ்டை விருந்து. ஆறு ஆடு. தயிர்ப்பச்சடி மட்டும் பாக்கி.

உள்ளே பேராயர் பிரசங்கம். ஒலிபெருக்கி புதுசு. வெங்காயத்துக்கும் கேட்டது.

கட்டுகிறவர்கள் ஆகாதென்று ஒதுக்கிய கல்லைப் பற்றிப் பேச்சு. அதுதான் கடைசியில் மூலைக்கல் ஆனதாம். உலகம் தள்ளியதைக் கர்த்தர் எடுத்து நிறுத்துவாராம். நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு கல் என்றார் பேராயர்.

உள்ளே எல்லாருக்கும் சந்தோஷம். ஆமென் சத்தம் குழாயடிவரை வந்தது.

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வெங்காயம் கையில் இருக்கும்வரை யாரும் காரணம் கேட்பதில்லை.

இந்தக் கோயிலின் கொத்தனார் மாசிலாமணி. அவள் புருஷன். நான்கு வருஷம் கட்டினார். ஆறு மாதத்துக்கு முன் கோபுர உச்சியில் சிலுவையை நிறுத்திவிட்டுக் கீழே வந்தார்.

ஏணி வழியாக இல்லை.

அடக்கத்துக்குப் பாடகர் குழு முழுவதும் வந்தது. அந்த மட்டில் குறை சொல்ல முடியாது.

திறப்புவிழாக் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் குருவானவர் முன்னால் போய் நின்றாள்.

"அவுக பேரையும் ஒரு ஓரமா போடச் சொல்லுங்கய்யா. கல்லறைக்குத்தான் ஒரு கல்லு வைக்க முடியல."

குருவானவர் கண்ணை மூடித் திறந்தார்.

"கோயிலக் கட்டுனது கர்த்தரும்மா. மனுசன் பேரப் போட்டா, அவரு மகிமைய நாம எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

கல் வந்தது. 'கர்த்தருடைய மகிமைக்கு' என்று முதல் வரி.

அதன்கீழ் இருபத்து மூன்று மனுஷர் பேர்.

அதிலும் ஒரு கோளாறு. செயலர் தனசிங்கின் பேர் பொருளாளர் பேருக்குக் கீழே வந்துவிட்டது. மூன்று கூட்டம் போட்டார்கள். கடைசிக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது. நல்லவேளை, பிளாஸ்டிக்.

வேறு கல் வெட்டினார்கள். அது இப்போது வாசலில், பட்டுத்துணிக்குள்.

பழையது குழாயடிக்கு வந்தது.

பிரசங்கம் முடிவதற்குள் தனசிங் பின்பக்கம் வந்தார். கறி வெந்த தேக்சாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். உப்பு பார்ப்பதும் செயலர் பொறுப்புதான்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒதுக்குன கல்லுன்னு உள்ள சொல்லுதாகளே."

அவர் மென்றபடியே அவளையும் கல்லையும் பார்த்தார்.

"அது ஆவிக்குரிய அர்த்தம்மா. இது வெறுங்கல்லு. வேணும்னா எடுத்துட்டுப் போ. துணி தொவைக்க ஆவும்."

பந்தி முடிந்ததும் கொழுந்தன் தள்ளுவண்டியோடு வந்தான். அவனும் கொத்தனார். அன்றைக்கு அண்ணனோடு அதே சாரத்தில் நின்றவன்.

கல்லறைத் தோட்டம் மதிலுக்கு அந்தப் பக்கம்.

கல்லின் பின்புறம் சொரசொரப்பு. அதில் உளி பிடித்தான்.

மாசிலாமணி. கொத்தனார்.

அவ்வளவுதான். வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு கல்லைப் புரட்டிப் பார்த்தான். பேராயர். குருவானவர். பொருளாளர். செயலர். கமிட்டி. எழுத்துக்குள் சேறு காய்ந்திருந்தது. தங்கப் பூச்சு இன்னும் போகவில்லை.

"இதையெல்லாம் கொத்தி அழிச்சிரட்டுமா, மதினி?"

கோயிலில் மாலைக் கூட்டம் தொடங்கியிருந்தது. நன்றியுரை. ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். புதுக் கல்லின் வரிசைப்படி.

அவள் மண்மேட்டைப் பார்த்தாள். தலைமாடு எது, கால்மாடு எது என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம். குப்புறப் போடு. ஒங்க அண்ணன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள்.

ஒலிபெருக்கியில் அப்போதுதான் செயலர் பேர் வந்தது.

உள்ளே கைதட்டினார்கள்.