கடைசிப் பானை

வந்தவனை மாணிக்கவாசகம் உட்காரச் சொல்லவில்லை. எல்கடுவத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய கிளாக்கராக இருந்தவருக்கு அது போதும். மனைவி நல்லம்மா கொண்டுவந்த தேத்தண்ணியைக் கண்ணாலேயே உள்ளே திருப்பி அனுப்பினார்.

"பேரு என்னான்னு சொன்ன?"

"பழனிமுத்துங்க ஐயா. தம்பி வேலை செய்ற கம்பனியிலதான் நானும்."

"என் மகன் களவெடுத்தான்னு இரத்தோட்டை வரைக்கும் பஸ் ஏறி வந்து சொல்றியே, உனக்கு வாய் கூசல்ல?"

பழனிமுத்து மேசைப் பக்கம் பார்த்தான். மகன் கிருபாகரன் கணினிக்கு முன்னால் கதிரையில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். கொழும்பில் இராணுவச் சுற்றிவளைப்பு கூடியதிலிருந்து கம்பனிக் கணினியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"களவுன்னு நான் சொல்லல்லங்க. தம்பி தன்னோடதுன்னு காட்டின அந்தச் செல்ல வரைஞ்சது கம்பனியிலயே வேற ஆள். திங்கக்கிழமை விசாரணை. தம்பி உண்மையச் சொல்லாட்டி, வரைஞ்ச ஆளையே களவாணின்னு வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க."

செல் என்றால் என்னவென்று மகன் முன்பே விளக்கியிருந்தான். அவர்கள் கம்பனி வடிவமைக்கும் கணினிச் சிப்புக்கு உள்ளே ஓடும் மின்சுற்றை யாரும் ஒரே மூச்சில் வரைவதில்லை. துண்டு துண்டாக வரைவார்கள். ஒரு துண்டுக்குப் பெயர் செல். ஒன்றுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. "நம்ம அடுக்குப் பானை மாதிரிப்பா" என்றான். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

பரணில் ஒரு பித்தளை அடுக்கு இருக்கிறது. மகள் பெரியபிள்ளையானபோதே சீருக்கென்று மாத்தளையில் வாங்கியது. அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பானைக்குப் பானை குடும்ப அடையாளமான வேல் சின்னத்தை வெட்டுவித்தார். வீட்டுப் பாத்திரத்துக்கு வெறும் வேல். பெண்ணோடு போகிற பாத்திரத்துக்கு வேலின் கீழே ஒரு பொட்டு. பாட்டனார் காலத்து வழக்கம்.

அவளும் தம்பியைப் போலவே படித்து, அதே வேலைக்குக் கொழும்பு போனவள்தான். போன இடத்தில் எவனையோ கைப்பிடித்தாள். எவன் என்று மாணிக்கவாசகம் கேட்கவே இல்லை. குலத்தைக் கெடுத்த கோடாலிக் காம்பு என்று ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு அவள் பெயர் அந்த வீட்டில் புழங்கவில்லை. அடுக்கு பரணில் களிம்பேறிக் கிடக்கிறது.

"வேற ஆளாம். அந்த ஆளு நீதானே?"

"நான் இல்லீங்க."

"அப்ப நீ என்னத்துக்கு வக்காலத்து வாங்கிக்கிட்டு வந்த?"

அதற்குள் கிருபாகரன் குறுக்கிட்டான்.

"செல்லுல என் பேரு இருக்குப்பா. இந்தா பாருங்க, திகதியோட."

"தம்பி, பிரதி எடுத்து உங்க இடத்துல வச்சா உங்க பேரத்தான் காட்டும்" என்றான் பழனிமுத்து. "மேல் செல்லுக்கு வேற பேரு வச்சிட்டீங்க. உள்ள எறங்குங்க. ஆகக் கடைசி வரைக்கும்."

கிருபாகரன் அசையவில்லை.

"தொறந்து காட்டுடா" என்றார் மாணிக்கவாசகம். "பாத்துட்டுப் போய்த் தொலையட்டும். நின்ன எடத்தக் கழுவி விடணும்."

ஒரு செல்லைத் திறந்தால் உள்ளே சின்னதாக இன்னொன்று வந்தது. அதையும் திறந்தான். சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். கடைசியில் வந்த குட்டிச் செல்லில், கோடு எதுவும் போகாத ஒரு மூலையைப் பழனிமுத்து காட்டினான்.

"வரையிறவங்க காலி மூலையில தன்னோட அடையாளம் ஒண்ணு போட்டு வைப்பாங்க ஐயா. எங்க வேலையில அப்படி ஒரு பழக்கம். அதக் கொஞ்சம் பெருசாக்கச் சொல்லுங்க."

கிருபாகரனின் விரல் தயங்கியது. பிறகு மூலை பெரிதாகித் திரையை நிறைத்தது.

ஒரு வேல்.

மாணிக்கவாசகம் நிமிர்ந்தார்.

"பாத்தியா? எங்க வீட்டு வேல். எங்க வீட்டுச் சட்டி பானைய எல்லாம் கவுத்துப் பாரு, இதான் இருக்கும். இந்த வீட்டுல பொறந்த ரத்தத்தத் தவிர ஒருத்தனுக்கும் இதப் போடத் தெரியாது. போய் லயத்துல சொல்லு."

"தெரியுங்க ஐயா. அதனாலதான் கம்பனிக்குப் போகாம உங்ககிட்ட வந்தேன்." பழனிமுத்து குரலை உயர்த்தவில்லை. "கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு தரம் பாருங்க."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வேலின் கீழே, சின்னஞ்சிறு சதுரமாக ஒரு பொட்டு.

குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

"அப்பா, அது வந்து..." என்று தொடங்கினான் கிருபாகரன். எச்சில் இலையில் கால் வைத்ததுபோல் அவர் அவனை விட்டு விலகினார்.

"யாரு வரைஞ்சதுன்னு வந்த ஒடனேயே சொல்றதுக்கென்ன?" என்று பழனிமுத்துவிடம் கேட்டார்.

"இந்த வீட்டுல அந்தப் பேரச் சொல்லக் கூடாதாமே. அவதான் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினா."

'அவ' என்றதில் இருந்த உரிமை மாணிக்கவாசகத்தின் காதில் விழுந்தது. உள்வாசலில் நல்லம்மா இன்னும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

அவர் மகன் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்தார்.

"எழும்புடா. மாப்பிள்ளை எவ்வளவு நேரம்தான் நிப்பாரு?"